ஓமந்தையில் எங்களோடு நின்றவர்களுக்கு

அன்பான உறவுகளே,

கடந்த செவ்வாய்க்கிழமை காலை கிளிநொச்சியில் கொழும்பு ரயில் ஏறியவர்களில் நானும் அம்மாவும் இருந்தோம். மறுநாள் காலை, கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற மகரகம ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கிளினிக். அன்று எங்களுக்கு உதவிய ஒருவருடைய பெயரையும் நான் கேட்டு வைக்கவில்லை. அந்த அவசரத்தில் அது தோன்றவே இல்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். ஆளைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

வவுனியாவுக்குத் தெற்கே, வீதிக்கு மேலால் போகும் ரயில் பாலம் ஒன்றில், பெட்டியை இறக்காமல் வந்த டிப்பர் மோதிவிட்டது. எங்கள் பாதை ஒற்றைத் தண்டவாளம். ஒரு ரயில் நின்றால் பின்னால் வருவதும் ஏதாவதொரு நிலையத்தில் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும். வவுனியாவில் ஏற்கெனவே இடமில்லை என்று எங்கள் ரயிலை ஓமந்தையில் நிறுத்தினார்கள். அப்போது எட்டரை மணி.

"ஓமந்தையில காத்து நிக்கிறது எங்களுக்குப் புதுசோ பிள்ளை" என்றார் அம்மா. போர்க் காலத்தில் ஓமந்தையில் இராணுவச் சோதனைச்சாவடி இருந்தபோது, பையும் பிள்ளைகளுமாக அந்த வெயிலில் வரிசையில் நின்றவர் அவர். 1990 இல் போரால் நின்றுபோன ரயில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்த நாளில், ஏறுவதற்கல்ல, பார்ப்பதற்காகவே ஸ்டேஷனுக்குப் போனவரும் அவர்தான். வருத்தக்காரரைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போகிற எங்களுக்கு ரயில் என்றால் கழிவறை இருக்கிறது, காலை நீட்டலாம், காசும் குறைவு. அது நின்றால் எங்கள் வீடுகளில் என்னென்ன நிற்கும் என்பது வன்னியில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

முதல் நன்றி அன்று கடமையில் இருந்த நிலைய அதிபருக்கு. ஐயா, நீங்கள் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெட்டி பெட்டியாக வந்து நிலைமையைச் சொன்னீர்கள். புதிதாக ஒன்றும் இல்லாதபோதும் வந்து "இன்னும் தகவல் இல்லை" என்று சொன்னீர்கள். பதினொரு மணிக்கு, "இண்டைக்கு எப்ப வெளிக்கிடும் எண்டு என்னால சொல்ல ஏலாது, ஆஸ்பத்திரி அலுவல் உள்ளவர்கள் ரோட்டால போறதுதான் நல்லது" என்று மறைக்காமல் சொன்னீர்கள். "இப்ப வெளிக்கிடும்" என்று எங்களைச் சமாளித்து வைத்திருந்தால் அம்மாவின் கிளினிக் தவறியிருக்கும்.

எங்கள் பெட்டியில் வந்த, ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவருக்கும் நன்றி. சிலர் கோபப்பட்டுக் கத்தத் தொடங்கியபோது நீங்கள்தான் எழுந்து விளங்கப்படுத்தினீர்கள். வாகனம் இடித்தால் பாலத்தின் இரும்பு உத்தரம் இருந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் அசைந்திருக்கலாம், அதோடு சேர்ந்து தண்டவாளமும் விலகியிருக்கலாம், வெளியில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது, பொறியியலாளர்கள் வந்து உத்தரத்தையும் அது குந்தியிருக்கிற இடத்தையும் தண்டவாளத்தின் நேரையும் பார்த்த பிறகுதான் விடலாம், விட்டாலும் முதலில் மெதுவாகத்தான் போக வேண்டும் என்றீர்கள். இவ்வளவு சனத்தை ஏற்றிக்கொண்டு சந்தேகத்தோடு பாலத்தில் ஏற முடியுமா என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை.

இனிப் பச்சைச் சட்டை போட்டிருந்த அக்காவுக்கு. இதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. அம்மா ஆறு மணிக்கு இன்சுலின் போட்டு இரண்டே இரண்டு இடியப்பம் சாப்பிட்டவர். வழியில் வடை, கடலைக்காரர் ஏறுவார்கள்தானே என்று நான் கையில் ஒன்றும் எடுக்கவில்லை. அது என் பிழை. பதினொன்றரை போல் அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சுக் குழறியது. நான் வெக்கை என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இருந்து நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். "அம்மாவுக்குச் சீனி இறங்குது, விசிறாதை, இனிப்புக் குடு" என்றீர்கள். உங்கள் பிள்ளைக்கென்று சுடுதண்ணிப் போத்தலில் வைத்திருந்த தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போட்டு, ஊதி ஊதி, மிடறு மிடறாக நீங்களே பருக்கினீர்கள். கால் மணித்தியாலத்தில் அம்மா என் பெயரைச் சொன்னார். பிள்ளை தேத்தண்ணி கேட்டு அழுதது. அதைக்கூட நான் அப்போது கவனிக்கவில்லை அக்கா, பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களே, யாரும் கேட்காமலே ஒரு பெரிய சட்டி நிறையச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து, வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் கொடுத்தீர்கள். இனிப்புக் குடித்தால் போதாது, பின்னால் சோறும் வேண்டும் என்று அக்கா சொல்லி வாய் மூடவில்லை, உங்கள் சோறு வந்தது.

எங்களை வவுனியா பஸ் நிலையத்தில் இறக்கிய ஓட்டோத் தம்பி, அன்று மட்டும் எத்தனை தடவை போய் வந்தீர்களோ தெரியாது. சாதாரண நாளில் வாங்குகிற காசுக்கு ஒரு சதமும் கூட வாங்கவில்லை. நன்றி.

கொழும்பு பஸ்ஸின் சாரதி ஐயாவுக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. நடத்துனரிடம் அம்மாவின் நிலையைச் சொன்னதும் முன் இருக்கையைத் தந்தார்கள். வழியில் மூன்று இடத்தில், எங்களுக்காக மட்டும், கழிவறை உள்ள கடையாகப் பார்த்து பஸ்ஸை நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் அம்மா ஏறி இருந்த பிறகு கண்ணாடியில் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் எடுத்தார். பின்னால் இருந்த ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இதை யாராவது அவருக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினால் புண்ணியமாகப் போகும்.

டிப்பர், கென்டர் ஓட்டுகிற தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாலத்துக்கு முன்னால் உயரம் எழுதிய பலகை இருக்கும். உங்கள் வாகனத்தின் உயரம் எவ்வளவு, பெட்டி முழுதாக இறங்கிவிட்டதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். தவறி இடித்துவிட்டால் ஓடிவிடாதீர்கள், உடனே பக்கத்து ஸ்டேஷனுக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். சொல்லாமல் போனால் அந்தப் பாலத்தில் அடுத்து ஏறுகிற ரயிலில் என் அம்மா இருக்கலாம், உங்கள் அம்மாவும் இருக்கலாம்.

புதன்கிழமை கிளினிக்குக்கு நேரத்தோடு போனோம். அம்மா இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார்.

பச்சைச் சட்டை அக்கா, அந்த அவசரத்தில் உங்கள் சுடுதண்ணிப் போத்தலின் மூடி எங்கள் பையோடு வந்துவிட்டது. மூடி இல்லாமல் போத்தல் உதவாது. அடுத்த மாதம் திரும்பக் கிளினிக்குக்குப் போகிறோம். ஓமந்தையில் ரயில் நிற்கும்போது அதை நிலைய அதிபரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். அதோடு எங்கள் வயலில் விளைந்த மொட்டைக்கறுப்பன் அரிசி இரண்டு பையும் இருக்கும். ஒன்று உங்களுக்கு, மற்றது சோறு தந்த வீட்டுக்கு.

அன்புடன்,
கிளிநொச்சியில் இருந்து ஒரு மகள்