குடிநீர்ச் சிக்கனம் வழங்குவோரிடமிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கியதும், குடிநீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு உள்ளாட்சி அமைப்புகள் பொதுமக்களைக் கேட்டுக்கொள்வது குமரி மாவட்டத்தில் வழக்கமாகிவிட்டது. வேண்டுகோள் நியாயமானதுதான். ஆயினும் சிக்கனத்தின் பெரும்பங்கு தண்ணீரை வழங்குவோரின் கையில் இருக்கிறது என்பதே என் கருத்து.

எங்கள் தெருமுனையிலுள்ள வால்வுத் தொட்டி, குழாயில் தண்ணீர் வரும்போதெல்லாம் நிரம்பி வழிந்து சாக்கடையில் கலக்கிறது. புகார் அளித்த பின் ஊழியர்கள் வந்து, பழைய சைக்கிள் டியூபை இறுகச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார்கள். சில நாட்களில் மீண்டும் அதே நிலை. பிரதான குழாய் ஒன்றில் நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி மட்டுமே கசிந்தாலும், ஒரு நாளைக்கு 288 லிட்டர் வீணாகும். கிராமப்புறங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. அப்படியானால், ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் பங்கைவிடக் கூடுதலான தண்ணீர் அந்தச் சிறு கசிவில் மண்ணுக்குள் போகிறது.

விநியோக நேரம் நிச்சயமில்லாததும் விரயத்துக்கு ஒரு காரணம். எப்போது வரும் என்று தெரியாததால் குழாயைத் திறந்தே வைக்கிறோம். புதுத்தண்ணீர் வந்ததும், குடங்களில் பிடித்து வைத்த பழைய தண்ணீரைக் கொட்டிவிடுகிறோம். வார்டு வாரியாக நேரத்தை முன்கூட்டியே அறிவித்து, அதைத் தவறாமல் கடைப்பிடித்தாலே இது பெருமளவு குறையும். மீட்டர் இல்லாத இணைப்புகளில் எவ்வளவு பயன்படுத்தினாலும் ஒரே கட்டணம் என்பதால், மிச்சப்படுத்துபவருக்கு எந்தப் பயனும் இல்லை. அத்தியாவசியத் தேவைக்கான அளவுக்குக் குறைந்த கட்டணமும், அதற்கு மேல் படிப்படியாக உயரும் கட்டணமும் வைப்பது ஏழைக் குடும்பங்களையும் பாதிக்காது.

இதில் ஆற்றின் நலனும் அடங்கியிருக்கிறது. கோதையாறும் பரளியாறும் சேர்ந்து குழித்துறை தாமிரபரணியாகித் தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. மேலே தண்ணீர் எடுக்க எடுக்க, ஆற்றின் நீரோட்டம் குறைந்து, முகத்துவாரத்திலிருந்து உப்புநீர் உள்ளே ஏறுகிறது; கரையோரக் கிணறுகளும் அதனால் கெடுகின்றன. நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையின் நீர்மட்டம் கோடையில் அடிமட்டத்துக்கு இறங்குவதையும் நாகர்கோவில் மக்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். புதிய திட்டங்களுக்குக் கோடிகளைச் செலவிடுவதற்கு முன், பழைய குழாய்களை மாற்றினால், அதே ஆற்றிலிருந்து கூடுதலாக எடுக்கவேண்டிய தேவை குறையும். நீரேற்றும் மோட்டார்களுக்கான மின்சாரமும் மிச்சமாகும்.

எனவே, நீரேற்று நிலையத்திலிருந்து அனுப்பிய தண்ணீர் எவ்வளவு, வீடுகளுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்ற கணக்கை மாதந்தோறும் வார்டு வாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும், கசிவுப் புகார்களைச் சரிசெய்வதற்குக் காலக்கெடு நிர்ணயிக்கவும் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டுமெனத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.