நூறு பவுண்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம். அம்மாவை மாடிப்படி ஏறக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார், அவள் ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். கொஞ்ச நாளாக ஞாயிற்றுக்கிழமைகளில் உன் போன் வருவதில்லை. வேலை கூடிப்போயிருக்கும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன கிழமை உன் ஆபீஸ் நம்பருக்கு எடுத்துப் பார்த்தேன். நீ இப்போது அங்கே இல்லை என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். சாப்பிடப் போயிருப்பாய் என்று வைத்துவிட்டேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

சரி, அது கிடக்கட்டும். ஜொன்டி பார்க்கினைப் பற்றி உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். பெல் வியூ மைதானத்தில் வேக்ஃபீல்ட் ட்ரினிட்டி கழகத்தின் ரக்பி லீக் ஆட்டம் பார்க்கப் போகும்போது பக்கத்தில் நின்ற கிழவர்கள் அந்தப் பெயரைச் சொல்லுவார்கள். உன் கவனம் முழுக்க அம்மா கட்டித் தந்த வடையில் இருக்கும். நானும் ஓய்வு பெற்ற பிறகுதான் அவரைப் பற்றித் தேடி வாசிக்கிறேன்.

நம் வீட்டிலிருந்து கிட்டத்தில் இருக்கிற ஷார்ல்ஸ்டன்தான் அவர் ஊர். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த கிராமம். 1913இல் வேக்ஃபீல்ட் ட்ரினிட்டிக்கு வந்தார். ஸ்க்ரம்-ஹாஃப். பள்ளிக்கூடத்தில் நீ ஆடிய அதே இடம். பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு எடுக்கிறவன் அவன்தான், மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வந்த அடுத்த வருடமே போர். 1915இலிருந்து போர் முடியும்வரை வழக்கமான லீக் போட்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன. இருபது வயதில் ஒருவனுக்கு அந்த வருடங்கள் போனால் திரும்பி வருமா?

ஆனாலும் மனுஷன் விடவில்லை. 1920இல் ஆஸ்திரேலியா போன பிரிட்டிஷ் அணியில் இருந்தார், அந்தத் தொடர் தோல்வி. 1924இலும் 1928இலும் தானே தலைவராகப் போனார். இரண்டு தடவையும் 2-1 என்று ஜெயித்து, ஆஸ்திரேலியாவோடு ஆடும் தொடரின் பரிசான ஆஷஸோடு திரும்பினார். 1928இல் முதல் டெஸ்ட் நீ இருக்கிற பிரிஸ்பேனில்தான் நடந்தது, 15-12. அடுத்தது சிட்னியில் 8-0. மூன்றாவதில் தோற்றார்கள், அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கப்பலில் வாரக்கணக்காகப் போக வேண்டிய காலம் அது. அங்கிருந்து ஒரு கடிதம் வந்து சேர எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று பார். உனக்குப் பொத்தானை அழுத்தினால் போதும்.

குறை சொல்வதாக நினைக்காதே. கோயிலுக்குப் போனால் உன்னை விசாரிக்காத ஆள் இல்லை. நல்ல பதவியில் இருக்கிறான், வீடும் வாங்கிவிட்டான் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். அதைச் சொல்லும்போது உன் அம்மா ஏனோ என் முகத்தைப் பார்ப்பதில்லை.

எழுத வந்த விஷயம் வேறு. இந்த விளையாட்டு பிறந்ததே கூலித் தகராறில். சனிக்கிழமை ஆடப் போவதால் சுரங்கத்திலும் மில்லிலும் இழக்கிற சம்பளத்தை ஆட்டக்காரனுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை. கொடுக்கலாம் என்றவர்கள் 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடிப் பழைய ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்து போனார்கள். தொழிலாளியின் பக்கம் நின்ற ஆட்கள்தான். ஆனால் அந்தக் காலத்தில் அவன் வேறு கழகத்துக்குப் போக நினைத்தால் மட்டும் கதை மாறிவிடும். அவனுடைய பதிவு கழகத்தின் கையில். கேட்ட விலையை இன்னொரு கழகம் கொடுத்தால்தான் விடுவார்கள். கையெழுத்துப் போடும்போது இதையெல்லாம் யார் வாசிக்கிறார்கள்? எதிலும் சின்ன எழுத்தை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று உனக்கு எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

1930இல், 17 வருடம் ஆடிய பிறகு, நாட்டுக்கே தலைவராக இருந்த மனுஷனுக்கு ட்ரினிட்டி 100 பவுண் விலை வைத்தது. அந்த நாளில் அது ஒரு சுரங்கத் தொழிலாளியின் ஏறக்குறைய ஒரு வருடக் கூலி. பார்க்கின் என்ன செய்தார் தெரியுமா? யாரையும் கேட்டு நிற்காமல் அந்தக் காசைத் தானே கட்டிவிட்டு ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸுக்குப் போய்விட்டார். ஆட்டக்காரன் தன்னைத் தானே விலைக்கு வாங்கக் கூடாது என்று பிறகு விதியையே மாற்றினார்கள்.

எனக்கு இது பிடித்திருக்கிறது, தம்பி. சோறு போட்ட இடத்தை விட்டுப் போனான் என்று நாலு பேர் பேசியிருப்பார்கள். பேசட்டும். அவர் இருந்த காலம் முழுக்க ட்ரினிட்டிக்கு இந்த விளையாட்டின் பெரிய கோப்பையான சலஞ்ச் கப் கிடைக்கவில்லை. 1909இல் வாங்கியது, அடுத்தது 1946இல்தான். ஹல்லில் அவர் அதிக காலம் ஆடவும் இல்லை. இருந்தும் 1988இல் ரக்பி லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது முதல் ஒன்பது பேரில் அவர் பெயர் இருக்கிறது. ஒருவன் எந்தக் கதவால் வெளியே போனான் என்று இப்போது யார் கேட்கிறார்கள்?

இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "போறவன் போகட்டும். எவ்வளவு கட்டினான் என்று வீட்டுக்குச் சொன்னானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அக்கா இரவில் அவளோடு நெடுநேரம் கதைக்கிறாள். நான் அறைக்குள் போனால் காலநிலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இனி யாரோடு சேர்ந்து எதைச் செய்தாலும் எழுத்தில் வாங்கிக்கொள். வாய்ச்சொல்லை நம்பிச் செல்வம் மாமாவின் கடை என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். சிநேகிதனாக இருந்தாலும் எழுத்தில் வாங்கு. நேரத்துக்குச் சாப்பிடு. மருமகளைச் சத்தம் போடாதே, அவள் நம்மைவிடத் தைரியசாலி. வீட்டுக் கடன் தவணை மாதத்தில் எந்தத் தேதி என்று முன்பு சொன்னாய், மறந்துவிட்டேன்.

உனக்குக் காசு வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் நானும் போட்டு வைத்த தொகை ஒன்று மார்ச்சில் கைக்கு வருகிறது, எங்களுக்கு அதனால் அவசர அலுவல் எதுவும் இல்லை. உன் வங்கிக் கணக்கு பழையதுதானா, மாறிவிட்டதா என்று மட்டும் எழுது. போனில் சொல்லக் கஷ்டமென்றால் மெசேஜ் போடு, அம்மாவின் போனுக்கு வேண்டாம், என்னுடையதற்குப் போடு.

அன்புடன்,
அப்பா