பாப்பாவுக்கு, அந்த இரண்டு ஒப்பந்தங்கள் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. போனில் பேசிவிடலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ இப்போதெல்லாம் “நல்லா இருக்கேன்ப்பா, டியூட்டிக்கு நேரமாச்சு” என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய இரண்டு ஒப்பந்தங்களையும் சின்னவன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். ‘ரீடெய்ன்ட் டியூட்டி’ இருந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று நீ நர்ஸாக இருக்கும் இங்கிலாந்து ஆஸ்பத்திரியை நடத்துகிற டிரஸ்ட் போட்டிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தாய். நர்ஸ் வேலையோடு சேர்த்து நீ பார்க்கும் பகுதி நேரத் தீயணைப்பு வேலையைத்தான் சொல்கிறார்கள். கூப்பிட்டால்தானே போகிறேன், மற்ற நேரம் வீட்டில்தானே இருக்கிறேன், இதில் தெரிவிக்க என்ன இருக்கிறது என்று உனக்குத் தோன்றுகிறது. ஆனால் தீ என்று உன்னைக் கூப்பிடுகிற அந்தப் பேஜர் கருவி அடிக்காத நாளுக்கும் சேர்த்துத்தான் தீயணைப்புத் துறை உனக்கு ஆண்டுக் கட்டணம் தருகிறது. ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிடத்தில் வந்து சேரும் தூரத்திலேயே இருப்பதற்கும், பேரக்குட்டியை விட்டுவிட்டு வர ஒரு ஏற்பாடு வைத்திருப்பதற்கும், எந்த நேரமும் ஓடத் தயாராக இருப்பதற்கும் தருகிற பணம் அது. போய் வேலை செய்த மணிக்குத் தனிச் சம்பளம். ஆக, நீ வீட்டில் தூங்குகிற நேரத்திலும் அவர்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு என்றுதான் டிரஸ்ட் கேட்கிறது. கேட்பது நியாயம். மறைக்காதே.

வாரத்துக்கு 120 மணி நேரம் தயாராக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் 37.5 மணி நேரம். வாரத்தில் இருப்பதே 168 மணி நேரம்தான் பாப்பா. போட்டுப் பார்த்தால் மிச்சம் பத்தரை மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிற நேரமும் அதற்குள்தான் வர வேண்டும். 90 மணி நேர ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? கட்டணம் முக்கால் பங்காகக் குறையும், அவ்வளவுதானே. பணத்துக்காக நீ போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

எதற்காகப் போனாய் என்றும் தெரியும். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி அடித்ததாகச் சொன்னாய். நார்ஃபோக்கில் உங்கள் பக்கம் வயல் பற்றி வீடுகள் வரைக்கும் எரிந்ததே, அன்றைக்கு வண்டியில் வந்தவர்களில் குழாய் வேலை செய்கிறவரும் பள்ளிக்கூட ஆசிரியையும் இருந்தார்கள் என்று நீ வியந்து சொன்னது நினைவிருக்கிறது. இங்கே தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறையில் இருந்த எங்களுக்கெல்லாம் குவார்ட்டர்ஸ், மணி அடித்தால் ஓட்டம், அதுவே முழு நேர வேலை. ஒரு நாட்டின் பெரும்பாலான நிலப்பரப்பை, வேறு தொழில் செய்துகொண்டே இப்படி வந்து போகிறவர்கள் காப்பாற்றுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. என் மகள் அதில் ஒருத்தி என்று பென்ஷனர் சங்கத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் கேட்டுப் பார்.

ஆனால் எனக்குத் தூக்கம் வராதது இதற்குத்தான்: நாலு பேர் சேராவிட்டால் வண்டி கிளம்பாது என்று சொன்னாய். மூன்று பேர் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள், நாலாவது ஆளாக நீ ஒருத்திதான் ஊரில் இருக்கிறாய் என்றால், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்தவள் பேஜரை அணைத்துவிட்டுத் தூங்குவாயா? தூங்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியும். பெரியம்மா வீட்டு மாடி விஷயத்தில் என்ன செய்தாய் என்று நாங்கள் பார்த்தவர்கள்தானே. உன் மனசாட்சியை நம்பித்தான் அந்த ஏற்பாடே நடக்கிறது. அதை நல்லது என்றும் சொல்வேன், கொடுமை என்றும் சொல்வேன். ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க வேண்டியது துறையின் பொறுப்பு. உன் ஒருத்தியின் தூக்கத்தை வைத்துத் தீர்க்கக் கூடாது. முடியாத நேரத்தை ‘முடியாது’ என்று முன்கூட்டியே பதிவு செய்துவிடு. அப்போதுதான் அடுத்த ஸ்டேஷன் வண்டியை அனுப்ப அவர்களால் ஏற்பாடு செய்ய முடியும்.

ஒன்றை மறந்துவிடாதே. வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே 1998-இலேயே விதி வந்துவிட்டது. அதிலிருந்து விலக்கு கேட்டு உன்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது உன் விருப்பம்தான். முன்னறிவிப்புக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வீட்டில் பேஜரோடு இருக்கும் நேரம் வேலை நேரமா என்று கேட்டிருந்தாய். 2018-இல் பெல்ஜியத்துத் தீயணைப்பு வீரர் ஒருவர் வழக்கில், எட்டு நிமிடத்தில் வர வேண்டும் என்று வீட்டிலேயே கட்டிப்போட்டிருந்ததால் அது வேலை நேரம்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2021-இல் அயர்லாந்தின் டப்ளின் தீயணைப்பு வீரர் ஒருவர் வழக்கில், அவர் டாக்ஸி ஓட்டிக்கொண்டே காத்திருக்க முடிந்தது, எல்லா அழைப்புக்கும் போக வேண்டிய கட்டாயமும் இல்லை, அதனால் அது வேலை நேரம் இல்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆக, எவ்வளவு கட்டுப்பாடு என்பதைப் பொறுத்தது. உன் ஒப்பந்தத்தில் அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு என்று யூனியனில் காட்டிக் கேள். வாய்வார்த்தையாகக் கேட்காதே, எழுத்தில் கேள்.

டிரஸ்ட்டில் மருத்துவ விடுப்பு போட்டிருக்கும் நாளில் பேஜரைத் தொடாதே. தொடவே தொடாதே. ஒரு இடத்தில் நோய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தால் அங்கே மோசடி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நல்லது செய்யப் போய் நர்ஸ் வேலையை இழக்காதே. தீயணைப்பில் அடிபட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போக முடியாமல் போனால் எந்தப் பக்கம் எவ்வளவு தருவார்கள் என்பதையும் இருவரிடமும் எழுதி வாங்கி வை.

பகுதி நேரம் என்று யாராவது குறைத்துப் பேசினால் விட்டுக்கொடுக்காதே. அதை எதிர்த்து உங்களைப் போன்றவர்கள்தான், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போனார்கள். 2006-இல் கென்ட் தீயணைப்பு நிர்வாகத்துக்கு எதிரான வழக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. முன்பு அவர்களுக்கு வீரர்களின் பென்ஷன் திட்டத்தில் இடமே கிடையாது. உனக்கு இருக்கிறது. நீ சேர்ந்துவிட்டாயா? சேர்ந்தேன் என்று ஒரு வரி எழுது, எனக்குப் போதும்.

தீ அணைத்துவிட்டு வந்தால் உடனே குளி. அந்த உடுப்பை வீட்டுக்குக் கொண்டுவராதே, காரிலும் போடாதே, குட்டி உட்காருகிற இடம். தீயணைப்பு வேலையையே, புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2022-இல் சேர்த்துவிட்டது. எங்கள் காலத்தில் கரி படிந்த சட்டையை ஒரு பெருமையாகவே பார்த்தோம். நீ அப்படிப் பார்க்காதே.

அம்மாவுக்கு உன்னை நினைத்தால் 2012-இல் சென்னை எழிலகம் அரசு அலுவலகக் கட்டடத்தில் பிடித்த தீதான் ஞாபகம் வருகிறதாம். பொங்கல் நேரம். தீயணைப்பு அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் மேடம் உள்ளே போய்ப் பலத்த காயத்தோடு வந்தார். உடன் போன வீரர் அன்பழகன் திரும்பவில்லை. உனக்குத் தெரியும், அன்று ராத்திரி நம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பொம்பளப் பிள்ளைக்கு இது எதற்கு என்று அம்மா கேட்கும்போது நான் அந்த மேடத்தின் பெயரையே பதிலாகச் சொல்கிறேன். அதே பெயரைச் சொல்லித்தான் அவளும் பயப்படுகிறாள். தூங்கு பாப்பா. ஷிஃப்டுக்கும் பேஜருக்கும் நடுவில் பதினொரு மணி நேரம் விடு.

சரி, இவ்வளவும் எழுதிவிட்டேன், கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே. நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். அந்தக் கார் விபத்துக்குப் போய்வந்த பிறகு நீ வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாய் என்றார். குட்டியைக் குளிப்பாட்டும்போது அழுதாய் என்றார். ஐசியூவில் மரணம் பார்த்தவள்தானே என்று அவர் நினைத்திருக்கிறார். அது வேறு, இது வேறு. ஐசியூவில் சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், கையில் கருவி இருக்கிறது. ரோட்டில் உன் ஊர்க்காரர்கள், தெரிந்த வண்டி, தெரிந்த முகம். சின்ன ஊரில் பேஜர் வைத்திருக்கிறவர்களுக்கு அது வரத்தான் செய்யும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளிக்கூடத் தீக்கு எங்கள் வண்டியும் போனது. 94 குழந்தைகள். அப்போது நீ என்னிடம் என்னென்னவோ கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை, நீயும் பிறகு கேட்பதை விட்டுவிட்டாய். ஒருவர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்பது எனக்கு அதனால் தெரியும். கூரை, படிக்கட்டு, வெயில் எல்லாம் இப்போதும் எனக்கு நினைவில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை உனக்குச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். நீயும் உன்னுடையதைச் சொல்லலாம். அரைகுறையாகச் சொன்னாலும் எனக்குப் புரியும், அந்த வாசனையைக்கூட நீ விளக்க வேண்டியதில்லை.

என்னிடம் வேண்டாம் என்றால் அங்கே சொல். தீயணைப்பு வீரர்களுக்கென்றே 1943 முதல் ஒரு அறக்கட்டளை இருக்கிறது, மனநலத்துக்கும் உதவி செய்கிறார்கள், பகுதி நேரத்தவர்களுக்கும் உண்டு. உன் ஸ்டேஷன் மேலாளரிடம் கேட்டால் எண் தருவார். கேட்பதால் உன்னைப் பேஜரிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயப்படாதே. கொஞ்ச நாள் எடுத்தாலும் எடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடு. அம்மா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துக் கூப்பிட்டாலும் சரி, நான் வீட்டில்தான் இருப்பேன். டிரஸ்ட்டுக்கு எழுதும் கடிதத்தை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, மணிக்கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன். 90 மணி நேரத்துக்கு மாற்றிக்கொள்வதைப் பற்றி மாப்பிள்ளையோடு பேசு.

குட்டிக்கு என் முத்தங்கள்.

அப்பா