அந்த மூன்று வருஷம் வீண் என்று சொன்னாயே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன வார்த்தை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. "இசைப்பள்ளியில் படிச்ச மூணு வருஷமும் வீண்மா, எனக்கு மட்டும் இல்ல, அரசாங்கம் செலவு பண்ணின காசும் வீண், ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டரைப் போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, உனக்கு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். அப்பா வலையைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "பிள்ளை பாட்டை வெறுக்கல, அலுப்புல சொல்லுது" என்றார். அலுப்பு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு அப்படியே நிற்கக் கூடாது என்று தோன்றியது, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் இப்போதுகூட வருஷக் கட்டணம் 350 ரூபாயைச் சுற்றித்தான். குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று மூன்று வருஷம் கற்றுக்கொடுக்கிறார்கள். பஸ் பாஸ் உண்டு. தேவாரம், நாகசுரம், தவில் படிக்கத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். நீ பிளஸ் டூ முடித்த அந்த வருஷம், தனியாக ஒரு வாத்தியாரிடம் உன்னைப் பாட்டுக்கு அனுப்பியிருந்தால் மாசம் என்ன கேட்டிருப்பார், அப்பா தொழிலுக்குப் போன காசில் அது எத்தனை மாசம் தாக்குப் பிடித்திருக்கும், நீயே யோசித்துப் பார். கடற்கரை வீட்டுப் பெண் ஒருத்தி சுருதிப்பெட்டி முன்னால் உட்கார்ந்து வர்ணம் பாடினாள் என்றால், அந்தக் கதவை அரசாங்கம் திறந்து வைத்திருந்ததால்தான் பாடினாள். நம் சொந்தத்தில் உனக்கு முன்னால் யார் பாடினார்கள் சொல்லு? பாடினார்கள், நிறையப் பேர் பாடினார்கள், ஆனால் கற்றுக்கொண்டு பாடவில்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

உன் தியரி நோட்டில் நீயே எழுதி வைத்திருந்தாய், பரணில் இருந்து எடுத்து நேற்று மறுபடி படித்தேன். பாடகர் பூச்சி சீனிவாச ஐயங்காரை ராமநாதபுரத்து ஜமீன் ராஜாக்களான சேதுபதிகளின் சமஸ்தானம் ஆதரித்தது, அவரிடம் படித்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்தான் இன்றைக்குச் சபாக்களில் பாடுகிற கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தினார் என்று. மிருதங்கம் முருகபூபதியும் ராமநாதபுரத்துக்காரர்தான். ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரில் இருக்கிற ஓவியங்களைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தில் இருந்து உங்களைக் கூட்டிப் போனார்களே, அதை வரைந்தவனுக்கும் யாரோ ஒருவர் சோறு போட்டுத்தான் இருக்க வேண்டும். நம் வறண்ட சீமையில் கலை என்றைக்குமே டிக்கெட் காசில் மட்டும் பிழைத்ததில்லை. ராஜா கொடுத்தார், கோயில் கொடுத்தது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது, நல்ல காரியம்தான், யாரும் ஒருவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டாம் என்று ஆனது. ஆனால் அந்தக் கை செய்துகொண்டிருந்த வேலையை யாராவது ஒருவர் எடுத்துச் செய்ய வேண்டும் இல்லையா? ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த அரசாங்கம் செய்யாமல் வேறு யார் செய்வது?

உள்ளூரிலும் அப்படித்தானே நடக்கிறது. திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வரி போட்டுத்தான் வள்ளி திருமணம் நாடகம் வைக்கிறோம். வரி கொடுத்தவன் எல்லாரும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறானா? பாதிப் பேர் பத்து மணிக்கே படுத்துவிடுவான். ஆனாலும் அடுத்த வருஷம் நாடகம் இல்லை என்றால் அவன்தான் முதலில் சண்டைக்கு வருவான், ஊருக்கு மரியாதை இல்லை என்று.

ஆஸ்பத்திரியையும் பாட்டையும் ஒரே தராசில் வைத்தாயே, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. டாக்டர் வேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை, அப்பத்தாவை ராத்திரியில் ராம்நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். ஆனால் பாட்டு வாத்தியாருக்குக் கொடுக்கிற சம்பளத்தை நிறுத்தினால் டாக்டர் வந்துவிடுவாரா? ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கிற காலம். அந்த நாளுக்கு நமக்கு நிவாரணம் வருகிறது, அதை யாராவது வீண் என்று சொல்வார்களா? கலைக்கும் அப்படி ஒரு காலம் உண்டு. ஒரு பிள்ளை சரளி வரிசை என்கிற முதல் பாடத்திலேயே ஒரு வருஷம் கிடக்கும், வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு அதில் ஒரு பிரயோசனமும் தெரியாது. அந்த ஒரு வருஷத்தை யாராவது தாங்க வேண்டும்.

சரி, நீ கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். படித்து முடித்துச் சான்றிதழோடு வந்தாய், அதற்கப்புறம் என்ன? ஒன்றும் இல்லை. ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் என்று எடுத்து ஆண்டு விழா முடிந்ததும் வேண்டாம் என்றார்கள், நீ கம்ப்யூட்டர் படித்து சென்னைக்குப் போய்விட்டாய். அங்கேதான் கோளாறு என்று நான் நினைக்கிறேன். நான் சத்துணவு அமைப்பாளர் வேலையில் இத்தனை வருஷமாகப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்கிறேன், என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 2012-ல் மாநிலம் முழுக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள், ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கம்ப்யூட்டர் என்று. ஆரம்பத்தில் மாசம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள். அப்புறம் 12,500 வரைக்கும் ஏறியது, ஆனால் பகுதிநேரம்தான். அவர்கள் நிரந்தரம் கேட்டுப் போராடாத வருஷம் இல்லை. மூன்று அரை நாளில் ஒரு ஆள் எத்தனை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்? அந்தச் சம்பளத்தில் எப்படிக் குடும்பம் நடத்துவது?

2022-ல் இருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள், அதை நான் மனசாரப் பாராட்டுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பேசவே பேசாத ஒரு பையன் பறை வாசித்துக் காட்டினான், டீச்சர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டோம். ஆனால் அதை அவன் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, அவன் மாமாவிடம் கற்றான். மற்ற பிள்ளைகள் செல்போனில் வீடியோ பார்த்து ஆடப் பழகினார்கள். போட்டி மட்டும் வைத்தால் ஏற்கனவே தெரிந்த பிள்ளைதான் ஜெயிக்கும். பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் சொல்லிக்கொடுக்கிற ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, ஆனால் கடற்கரைப் பிள்ளைக்கு அது பஸ்ஸில் போய்வருகிற தூரம். எட்டு வயசுப் பிள்ளையைச் சனி, ஞாயிறு அவ்வளவு தூரம் யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? அப்பா கடலில் இருப்பார், அம்மா மீன் விற்கப் போயிருப்பாள்.

வயசான பிறகு கொடுப்பதற்கு ஏற்பாடு இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாசாமாசம் உதவித்தொகை உண்டு. மாவட்டத்தில் விருதும் வயசு வாரியாகக் கொடுக்கிறார்கள், கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று பேரே அழகாக இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. 2007-ல் வந்தது அது. எல்லாம் வேண்டியதுதான், ஒன்றையும் குறைக்கச் சொல்லவில்லை. படிக்கும்போது பிடித்த கையை, முடித்தவுடன் விட்டுவிட்டு, அறுபது வயசில் மறுபடி வந்து பிடித்தால், நடுவில் அந்த நாற்பது வருஷம் ஒருத்தி எதை வைத்துப் பாடிக்கொண்டிருப்பாள்? கடற்கரையில் இருக்கிற ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் ஒரு பாட்டு வாத்தியார், முழு நாள், முழுச் சம்பளம். நான் கேட்பது அவ்வளவுதான். அப்படி ஒரு வேலை இருந்திருந்தால் உன்னைச் சென்னைக்கு அனுப்பியிருக்க மாட்டேன்.

இப்போது உன் பெரியப்பா விஷயம். நீ சின்னப் பிள்ளையில் கரைவலை இழுக்கிற இடத்துக்கு ஓடுவாயே, ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பெரியப்பா அம்பா, அதான் வலை இழுக்கிற பாட்டு, எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொள்வார்கள். மீன் சேருகிற வலை மடி கனமாக வந்தால் பாட்டு மெதுவாகும், கரை நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். நீ தாளம் போட்டுக்கொண்டே நிற்பாய். முதல் வருஷம் காலப் பிரமாணம் என்று பாட்டின் வேகத்தைப் பற்றிப் பாடம் நடத்தியபோது, இது எனக்கு ஏற்கனவே தெரியும்மா என்று வந்து சொன்னவள் நீதான். இப்போது கரைவலை குறைந்துவிட்டது, கூட இழுத்தவர்கள் பாதிப் பேர் இல்லை. முழுப் பாட்டும் தெரிந்தவர் நம் ஊரில் அவர் ஒருவர்தான்.

போன மாசம் அவருக்கு ஏதாவது உதவி கிடைக்குமா என்று ஒரு அலுவலகத்துக்கு நானும் அப்பாவும் கூட்டிப் போனோம். என்ன கலை என்று கேட்டார்கள். அம்பா என்றோம். கரகமா, ஒயிலா, தப்பாட்டமா, நாடகமா என்றார்கள். இல்லை, வலை இழுக்கும்போது பாடுவது என்றோம். அது வேலைதானே, கலை இல்லையே என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேடை ஏறிய போட்டோ இருக்கிறதா, நோட்டீஸ் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். மணலில் நின்று பாடினவருக்கு நோட்டீஸ் யார் அடிப்பார்கள்? பெரியப்பா ஒன்றும் கோபப்படவில்லை. வரும் வழியில் உச்சிப்புளியில் டீ குடிக்கும்போது, "அவங்க சொல்றதும் சரிதானே, நான் மீன்காரன்தானே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அதனால்தான் கேட்கிறேன், பாப்பா. பொங்கலுக்கு வரும்போது கூட இரண்டு நாள் லீவு போட்டு வா. அவர் பாடுவதைப் போனில் பதிவு பண்ணு, காற்று இல்லாத நேரம் பார்த்து. என்ன தாளம், எந்த இடத்தில் வேகம் மாறுகிறது, எந்த வலைக்கு எந்தப் பாட்டு என்று நீதான் எழுத முடியும், ஏனென்றால் உனக்குத்தான் சுரமும் தெரியும், கயிற்றைப் பிடித்தவர்களையும் தெரியும். அந்த மூன்று வருஷம் படித்தவர்கள் உன்னைத் தவிர வேறு யாரும் இங்கே இல்லை. எழுதி முடித்து விண்ணப்பத்தோடு சேர்த்து வைப்போம், மறுபடியும் போவோம்.

பெரியப்பா நேற்றே போய் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், வெள்ளைச் சட்டை போட்டு. விண்ணப்பத்தில் கலைப்பிரிவு என்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். நீ வந்து எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா