மெடல் விஷயம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். குடியாத்தத்தில் மழை விட்டு இப்போதுதான் வெயில் தலைகாட்டுகிறது.

பேரன் பள்ளிக்கூடத்துக்காகச் செய்த அட்டையை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். நடுவில் என் பழைய யூனிஃபார்ம் போட்டோ, கீழே "1971 போரில் சண்டை போட்ட என் தாத்தா" என்று எழுதியிருக்கிறான். அம்மா அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டிவிட்டாள். எனக்கு மட்டும் அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. போனில் சொன்னால் "விடுங்கப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் 1971 போரில் சண்டை போடவில்லை, பாப்பா.

தப்பு என் மேல்தான். சின்ன வயசில் நீ ஹாலில் தொங்கும் மெடலைக் காட்டிக் கேட்டபோது "எழுபத்தொண்ணு மெடல்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது சங்க்ராம் மெடல். 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை படையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. கிழக்கே சண்டைக்குப் போனவர்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்கே போனவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார் என்று தனியாக உண்டு. நம் வீட்டுச் சுவரில் ஸ்டார் கிடையாது. பட்டாளத்துக்காரன் யாராவது பார்த்தால் அந்த நிமிஷமே புரிந்துகொள்வான். நீங்களெல்லாம் எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த டிசம்பரில் நான் வெலிங்டனில் ரெக்ரூட், பயிற்சியில் இருந்த புதுச் சிப்பாய். வயசு 18. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி, பின்னாலிருந்து எஞ்சின் முக்கி முக்கித் தள்ள, குன்னூர் தாண்டி அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் அங்கேதான், இன்றும் அங்கேதான். குளிர் என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது.

விடிகாலை இருட்டில் பியூகிள் ஊதும். கட்டிலை விட்டு இறங்கியதும் கம்பளியை மடித்து விளிம்பு சமமாக வைக்க வேண்டும். அரும்பு மீசைகூட முளைக்காதவனும் தினமும் ஷேவ் செய்தாக வேண்டும். லங்கரில், அதாவது பட்டாளச் சமையல்கூடத்தில், வரிசையில் நின்று எனாமல் மக்கை நீட்டினால் கொதிக்கிற டீ ஊற்றுவார்கள். குடிப்பதற்கு முன்னால் இரண்டு கையாலும் அந்த மக்கைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நிற்போம். விரல் மடங்க ஆரம்பித்த பிறகுதான் வாய்க்குப் போகும். இன்றைக்கும் நான் டம்ளரை இரண்டு கையால் பிடிப்பதைப் பார்த்து நீ சிரிப்பாயே, அங்கே வந்த பழக்கம்தான்.

அப்புறம் பி.டி., டிரில், ஆயுத வகுப்பு, சாயங்காலம் விளையாட்டு, ரோல் கால். நடுவில் ஹிந்தி வகுப்பு வேறு, இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய ஹிந்தி. 1965-ல் ஹிந்தி எதிர்ப்பு ஊர்வலத்தின் பின்னால் ஓடிய பையன் நான். அங்கே "சாவ்தான்" என்றால் விறைத்து நிற்பேன், "விஷ்ராம்" என்றால் தளர்வேன். மனசுக்குள் கொஞ்ச நாள் உறுத்தியது. பக்கத்தில் நின்றவன் மலையாளி, அடுத்தவன் தெலுங்கன், அதற்கடுத்தவன் குடகு. மூன்று மாதத்தில் எங்களுக்கென்று ஒரு கலப்பு பாஷை உண்டாகிவிட்டது. ஆனால் போர் முழக்கம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று: "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" வைக்கோல் திணித்த கோணிப்பையைத் தொங்கவிட்டிருப்பார்கள். துப்பாக்கி முனையில் சங்கீன் என்கிற குத்துக்கத்தியை மாட்டிக்கொண்டு, இதைக் கத்தியபடி ஓடிப்போய்க் குத்த வேண்டும். குத்துவது சுலபம், இழுப்பதுதான் கஷ்டம். முதல் நாள் எனக்கு வரவில்லை. பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் என் பின்னால் நின்று சன்னமாகச் சொன்னார்: "எடுக்கத் தெரியாதவன் குத்தக் கூடாது."

ரேஞ்சில் சுட்ட பிறகு புல்லுக்குள் குனிந்து காலித் தோட்டாக்களைப் பொறுக்குவோம். அதற்குக் கோக்கா என்று பேர். எத்தனை சுட்டோமோ அத்தனை கோக்கா திரும்பக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்த ஸ்குவாடும் இருட்டும் வரை தேடும்.

அக்டோபர் முடிவிலிருந்து எல்லாம் மாறியது. லீவு ரத்து. சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த உஸ்தாத்கள் ஒவ்வொருவராகப் பட்டாலியனுக்குக் கிளம்பினார்கள். எங்களுக்கு முந்தின ஸ்குவாடும் போனது. ரிசர்வில் இருந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பட்டாளத்தை விட்டு வீட்டுக்குப் போய் விவசாயமோ கடையோ பார்த்துக்கொண்டிருந்தவர்கள், தந்தி பார்த்து, வேட்டி சட்டையோடு மலையேறி வந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு எங்கள் பராக்கில் என் பக்கத்துக் கட்டில் கிடைத்தது.

நாமக்கல் பக்கம் ஏதோ கிராமம். வயசு முப்பத்தைந்து இருக்கும், எனக்கு அப்போது கிழவராகத் தெரிந்தார். மஞ்சப்பையில் ஒரு செட் துணி, ஒரு பாட்டில் விளக்கெண்ணெய், அவ்வளவுதான் கொண்டுவந்திருந்தார். சொந்தக் கொல்லை ஆமணக்கு, வீட்டிலேயே காய்ச்சியது என்றார். புது பூட்ஸ் கொடுத்திருந்தார்கள், பலகை மாதிரி விறைப்பாக இருந்தது. முதல் ராத்திரி விளக்கு அணையும் வரை உட்கார்ந்து, ஒரு துணியில் எண்ணெய் தொட்டு, மடிகிற இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக் கிடந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன், சொன்னால் ஸ்குவாடிலிருந்து பின்தள்ளிவிடுவார்கள் என்று பயம். அவர் எதுவும் கேட்கவில்லை. வெந்நீர் வாங்கிவந்து சாக்ஸை நனைத்து மெதுவாக உரித்தார். எண்ணெய் தடவினார். என் பூட்ஸை எடுத்து அதற்கும் தேய்க்க ஆரம்பித்தார். "காலு போச்சுன்னா எல்லாம் போச்சு தம்பி" என்றார். அப்படி நாலு ராத்திரி.

ஐந்தாம் நாள் விடியுமுன் அவர்களை லாரியில் ஏற்றினார்கள். நான் பி.டி. டிரஸ்ஸில் ஓடினேன். பாதி பாட்டில் எண்ணெய் மிச்சம் இருந்தது, அதை என் கையில் திணித்தார். "எனக்கு அங்க எதுக்கு, நீ வச்சுக்க." லாரி கிளம்பிவிட்டது.

போரின் 13 நாளும் நாங்கள் ரேடியோவைச் சுற்றித்தான் இருந்தோம். மாதிரிப் பதுங்குகுழி தோண்டினோம், ராத்திரிக் காவல் நின்றோம். ஒருவேளை எங்களையும் அனுப்பலாம் என்று பேசிக்கொண்டோம். அனுப்பவில்லை. டிசம்பர் 16 சாயங்காலம் டாக்காவில் பாகிஸ்தான் படை சரண் என்று செய்தி வந்ததும் பராக்கே அதிர்ந்தது. நானும் தொண்டை கட்டும் வரை கத்தினேன். அன்றும் மேற்கே பசந்தர் ஆற்றங்கரையில் 16-வது மெட்ராஸ் சண்டையில் இருந்தது எனக்கு அப்போது தெரியாது. மேற்கே போர்நிறுத்தம் மறுநாள், 17-ம் தேதி இரவு 8 மணிக்குத்தான்.

அந்த அண்ணன் எந்தப் பட்டாலியனுக்குப் போனார், கிழக்கா மேற்கா, திரும்பினாரா, எதுவும் எனக்குத் தெரியாது. பயிற்சி முடிந்து போஸ்டிங் ஆன பிறகு நாமக்கல்காரர் யாரைப் பார்த்தாலும் விசாரித்தேன். "பேர் என்ன?" என்பார்கள். அங்கேதான் நின்றுவிடுவேன். நாலு ராத்திரியும் "அண்ணே, அண்ணே" என்றே கூப்பிட்டேனே தவிர பேரைக் கேட்கவில்லை. 18 வயசு புத்தி. காலில் எண்ணெய் தடவியவரின் பேரைக் கேட்கத் தோன்றவில்லை.

2019 டிசம்பரில் எங்களை டெல்லிக்குக் கூட்டிப்போனாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷம்தான் தேசியப் போர் நினைவகம் திறந்திருந்தார்கள். கருங்கல் சுவர் முழுக்கப் பெயர்கள். நான் மெட்ராஸ் ரெஜிமென்ட் பெயர்களாகப் பார்த்துப் பார்த்து நடந்தேன். "யாரையப்பா தேடறீங்க?" என்று நீ கேட்டாய். "சும்மா பாக்கறேன்" என்றேன். அதுவும் பொய்தான். எந்தப் பெயரைத் தேடுவது என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தேன். அவர் நல்லபடியாக வீடு திரும்பி, பேரன் பேத்தி எடுத்து, ஆமணக்குக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பேரன் மனசு நோகாமல் சொல்லு. தாத்தா கோபமாக இல்லை, அட்டை ரொம்ப அழகாக இருக்கிறது என்று முதலில் சொல்லு. அந்த வரியை மட்டும் மாற்றட்டும்: "1971-ல் வெலிங்டனில் ரெக்ரூட்டாக இருந்த என் தாத்தா." அட்டையின் ஓரத்தில் இடம் இருந்தால் ஒரு ஜோடி பூட்ஸும், பக்கத்தில் பாதி எண்ணெய் இருக்கிற ஒரு பாட்டிலும் வரையச் சொல்லு. யாருடையது என்று டீச்சர் கேட்டால், தாத்தாவோட அண்ணனுடையது என்று சொல்லட்டும்.

அன்புடன்,
அப்பா