நடுவதற்கு முன் ஒரு வருடம் பாருங்கள்: மரம் நடும் குழுக்களுக்குத் திறந்த மடல்

மரம் நடும் நண்பர்களுக்கு,

வணக்கம். நடுவதற்கு இடம் தேடும்போது உங்கள் கண்ணில் முதலில் படுவது மரமில்லாத வெட்டவெளிதான். 'சும்மா கிடக்கிற நிலம்' என்று சொல்லிவிட்டுக் குழி வெட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். அது பெரும்பாலும் சும்மா கிடப்பதில்லை.

காட்டுப்பூக்களில் ஏராளமானவை முழு வெயிலில் மட்டுமே வாழக்கூடியவை. புல்வெளி, பாறைச்சரிவு, மணல்மேடு, மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஆகியவைதான் அவற்றின் இடம். கோடையில் போனால் காய்ந்த புல்தான் தெரியும். செடிகள் அப்போது கிழங்காகவோ விதையாகவோ மண்ணுக்குள் இருக்கும். சில விதைகளின் பொறுமை நம்ப முடியாதது. 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் களைச்செடி விதைகளைப் புட்டிகளில் போட்டுப் புதைத்து வைத்தார். 2021இல் தோண்டி எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன! ஆனால் எல்லா விதையும் அப்படிக் காத்திருக்காது. மேலே நிழல் மூடிவிட்டால் பல இனங்கள் சில வருடங்களிலேயே போய்விடும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் இது நடந்திருக்கிறது. உச்சிப் புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்து ஆங்கிலேயர் காலத்தில் தைலமரமும் சீகையும் (வாட்டில் மரம்) பைனும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது நிற்கவில்லை. சீகை தானாகவே பரவத் தொடங்கியது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் சரிவுகள் சுருங்கின. இப்போது அதே மரங்களை அகற்றப் பணமும் உழைப்பும் செலவாகிறது.

அடுத்தது உரம். மண்ணை வளப்படுத்துவது நல்லதுதானே என்று தோன்றும். காட்டுப்பூக்கள் விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். சத்தில்லாத மண்ணில்தான் பலவகைச் செடிகளுக்கு இடம் கிடைக்கும். எரு போட்டால் முரட்டுப் புல் இரண்டு மூன்று ஓங்கி வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். அழுகண்ணிச் செடி பூச்சியைப் பிடித்துத் தின்பதே மண்ணில் தழைச்சத்து போதாததால்தான். பிரிட்டனில் 1930களுக்குப் பிறகு பூக்கள் நிறைந்த புல்வெளிகளில் ஏறத்தாழ 97 சதவீதம் அழிந்துவிட்டது. உழவும் உரமும் அதில் பெரும்பங்கு வகித்தன.

மரம் காற்றிலிருக்கும் கார்பனை இழுத்துச் சேமிக்குமே என்று கேட்பீர்கள். புல்வெளியும் கார்பனைச் சேமிக்கிறது, பெரும்பகுதியை மண்ணுக்கடியில். மேலே தெரியாததால் பலரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

மரமே நடாதீர்கள் என்று சொல்லவில்லை. காடு வெட்டப்பட்ட இடத்தில் அந்தக் காட்டின் மரங்களை நடுங்கள். மற்ற இடங்களில் முதலில் ஒரு வருடம், எல்லாப் பருவத்திலும் போய்ப் பாருங்கள். செடி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஆடுமாடு மேய்ப்பவர்களிடம் கேளுங்கள். எந்தப் பூ எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம், 'காட்டுப்பூ' என்று பாக்கெட்டில் விற்கும் விதைகளை அங்கே தூவ வேண்டாம். காஸ்மாஸ் அழகுதான், ஆனால் அதன் ஊர் மெக்சிகோ.

ஏற்கெனவே புல்வெளியில் நட்டுவிட்டீர்களா? கன்றுகள் முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே வேறிடத்துக்கு மாற்றிவிடலாம். வேர் ஆழமாக ஓடிவிட்டால் வேலை பல மடங்காகிவிடும்.

அன்புடன்,
வெட்டவெளிகளில் பூப் பார்க்கப் போகும் ஒருவர்