வீல் விஷயமாகச் சேகருக்கு

தூத்துக்குடி
ஞாயிறு இரவு

மாப்ள சேகர்,

மாமாவின் எஸ்டீம் காரை விற்கவில்லை. நீயும் சேவியரும் பந்தயம் கட்டியிருப்பதாகக் காதுக்கு வந்தது. யார் விற்பேன் என்று கட்டினீர்களோ அவர்தான் அடுத்த தடவை பிரியாணி வாங்க வேண்டும்.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. சின்னவள் பத்தாவது வந்துவிட்டாள், வீட்டில் டி.வி. ஓடுவதில்லை. தங்கச்சி வீட்டில் எல்லோரும் சுகம். உன் வீட்டிலும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன். அக்காவின் ஆபரேஷன் எப்படிப் போனது என்று மட்டும் தனியாக எழுது. போனில் கேட்டால் நீ மழுப்புவாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எஸ்டீமின் அலாய் வீல் நாலையும் பாலிஷ் போட்டு முடித்தாயிற்று. முன் சக்கரத்தின் அருகே குனிந்தால் தெருவிளக்கு அதில் தெரிகிறது. மாமா இருந்திருந்தால் தெருவையே கூட்டிக் காட்டியிருப்பார். அந்த வீலை அவர் வாங்கி மாட்டியபோது அத்தை ஒரு வாரம் பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அதே வண்டியில்தான் நாம் எல்லோரும் மணப்பாடு போனோம். மணலில் சிக்கி, நீ மட்டும் இறங்கித் தள்ளாமல் உட்கார்ந்திருந்தாயே, அந்த வண்டி.

இந்த ஊர்க் காற்று உனக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம். அலாய் வீல் என்பது அலுமினியக் கலவைதான். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. சில நானோமீட்டர்தான், ஆனால் உலோகத்தைக் காப்பது அதுதான். உப்பில் இருக்கிற குளோரைடு அதைத் துளைத்து உள்ளே போகிறது. ஊசி முனை அளவுக்குக் குழி விழுந்து வெள்ளைப் பொடி பூக்கிறது. முன் வீல் இரண்டும் இன்னும் மோசமாக இருந்தன. முன்னால் டிஸ்க் பிரேக். பேடும் டிஸ்க்கும் தேய்ந்து பறக்கிற இரும்புத் தூள் சூட்டோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. பின்னால் டிரம், எல்லாம் உள்ளேயே அடங்கிவிடும்.

மங்கிய வீலைப் பார்த்ததும் எல்லோரும் பாலிஷ் டப்பாவைத் தேடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத லாக்கர் பூச்சு, இருக்கிறதா என்பது. துணியில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் எடுத்து, கண்ணில் படாத மூலையில் தேய். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்காவிட்டால் நீ தேய்ப்பது உலோகத்தையே அல்ல, மேலிருக்கும் லாக்கரை. அந்த லாக்கர் லேசாக மங்கியிருந்தால் பெயின்ட்டுக்குப் போடுகிற ரப்பிங் காம்பவுண்ட் போதும். ஆனால் ஏதோ ஒரு கீறல் வழியாகத் தண்ணீர் இறங்கி, லாக்கருக்கு அடியில் வெள்ளைக் கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடியிருந்தால், மேலே எத்தனை டப்பா காலி செய்தாலும் அது போகாது. மாமாவின் வீலில் அதுதான். நகத்தால் நெம்பினால் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது.

அதனால் பெயின்ட் ரிமூவர் அடித்து லாக்கரை முழுக்க எடுத்தேன், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, மொட்டை மாடியில், காற்றோட்டமாக. டயர் ஓரத்துக்கும் காற்றடிக்கிற வால்வுக்கும் மாஸ்கிங் டேப். பேலன்சிங் வெயிட்டைத் தொடவே இல்லை. பிறகு வாட்டர் பேப்பர், அதாவது ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள். நம்பர் ஏற ஏறத் தாள் நைசு: 400-இல் தொடங்கி 600, 800, 1000, 1500, 2000. எல்லாம் சோப்புத் தண்ணீரில் நனைத்து. ஒரு நம்பரில் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததில் குறுக்காகத் தேய்க்க வேண்டும். முந்தைய கோடு ஒன்றுகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த தாளுக்குப் போக வேண்டும். 600-ஐத் தாண்டிக் குதித்தால் 400 போட்ட கோடு கடைசியில் பளபளப்புக்குள் இருந்து எட்டிப் பார்க்கும். உங்கள் பம்ப் பட்டறையில் பஃபிங் மோட்டார் இருக்கிறது, பாலிஷுக்குப் போடுகிற சோப்புக் கட்டி இருக்கிறது, ஒரு மணி நேர வேலை. எனக்குப் பனியன் வேஸ்ட்டும் பிராஸோ மெட்டல் பாலிஷும் விரலும்தான். ஸ்போக் இடுக்கில் விரலைத் தவிர எதுவும் போகாது. துணி கன்னங்கரேல் என்று ஆன பிறகு, காய்வதற்கு முன் சுத்தமான பனியனால் ஒரே வீச்சில் துடைக்க வேண்டும். அந்தக் கறுப்புக்கு அடியிலிருந்து வெளிச்சம் வரும் பார், அதற்காக இன்னும் நாலு வீல் தேய்க்கலாம்.

திரும்ப கிளியர் அடிக்கவில்லை. கண்ணாடியாகத் தேய்த்த அலுமினியத்தில் லாக்கர் சரியாகப் பிடிக்காது, மறுபடி உரியும். மெழுகு போட்டிருக்கிறேன். வாரா வாரம் நல்ல தண்ணீரில் கழுவி, அவ்வப்போது மெழுகைப் புதுப்பிக்க வேண்டும். இந்த ஊரில் அது இல்லாமல் முடியாது.

இப்போது உன் கார். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன்னுடையது டயமண்ட் கட். முகப்பில் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிகின்றன அல்லவா, அவை லேத்தில் சீவியவை. அதில் தாளை வைத்தாய் என்றால் அந்த இடம் மட்டும் வழுவழுவென்று தனியாகத் தெரியும். தயவுசெய்து கை வைக்காதே. மறுபடி கம்ப்யூட்டரில் ஓடுகிற சி.என்.சி. லேத்தில் சீவி கிளியர் அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் உலோகம் குறைகிறது, அதனால் அதையும் அடிக்கடி செய்ய முடியாது. கோயம்புத்தூரில் லேத்துக்கா பஞ்சம்? நடைபாதை விளிம்பில் உரசிய இடத்தை மட்டும் இப்போதே காயவைத்துக் கொஞ்சம் கிளியர் தொட்டு வை. தண்ணீர் இறங்குவது அங்கிருந்துதான்.

வாட்டர் சர்வீஸில் வீல் மேல் ஏதோ ஊற்றினார்கள், வெளுத்துவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்துதான் எனக்கு மனசு சரியில்லை. இங்கேயும் ஒரு இடத்தில் அதையேதான் செய்தார்கள். பதினெட்டு வயதுகூட இருக்காது, ஒரு பையன் வெறுங்கையால் பிரஷ்ஷை முக்கி முக்கித் தேய்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் சுருங்கி இருந்தது. கேட்டால், "ஒண்ணும் எரியாது அண்ணாச்சி, தண்ணி மாதிரிதான்" என்றான். கேனைத் திருப்பிப் படித்தேன். ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட். எரியாது என்பதுதான் அதன் ஆபத்து, சேகர். நீர்த்த நிலையில் தோலில் உடனே தெரியாது, மணிக்கணக்கு கழித்துத்தான் வலி எடுக்கும். அதற்குள் ஃபுளோரைடு உள்ளே இறங்கிச் சதையிலும் எலும்பிலும் இருக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் பட்டால் இதயமே தடுமாறும். பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஆசிட் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கென்று கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்கிறது. அந்தப் பையனிடம் இதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்க்கட்டும்.

வீலுக்கும் அது நல்லதில்லை. அன்றைக்கு வெள்ளையாகத் தெரியும், பிறகு சாம்பல் பூத்து நிற்கும். அடுப்படிப் பிசுக்குக்கு விற்கிற காஸ்டிக் சோடா சமாச்சாரமும் வேண்டாம். வீல் வார்க்கிற ஏ356 என்ற அலுமினியக் கலவையில் 7% அளவுக்குச் சிலிக்கன் இருக்கிறது. காஸ்டிக் அலுமினியத்தைக் கரைத்துவிடும், கரையாத சிலிக்கன் கறுப்பாக மேலே தங்கிவிடும். இரும்புத் தூளுக்கென்றே அமிலமில்லாத கிளீனர் கிடைக்கிறது, அடித்தால் ஊதா நிறமாக வழியும். அதை வாங்கு. வீல் சூடாக இருக்கும்போது மட்டும் அடிக்காதே.

சேவியர் வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன், எஸ்டீமில்தான். அதற்கு முன் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். நாளைக்கே அந்த வாட்டர் சர்வீஸுக்குப் போய் அவர்கள் ஊற்றிய கேனின் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பு. அங்கே வேலை செய்கிறவர்கள் கையில் உறை போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்து எழுது.

உன்,
கணேசன்